தங்கைக்கு சில்காவில் கடற்படைப் பயிற்சி: தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வெட்டூர்ணிமடம் அக்கா | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வந்தால் பஸ் நேரமும் வீட்டு வாடகையும்தான் கேட்பேன். இன்றைக்கு வேறு விஷயம்.

என் தங்கை கடற்படையில் அக்னிவீராக, அந்த நாலு வருடப் பணிக்கு, தேர்வாகிவிட்டாள். அடுத்த மாதம் ஒடிசாவில் ஐ.என்.எஸ். சில்காவில் போய்ச் சேரவேண்டும். வடசேரி அண்ணா ஸ்டேடியத்தில் விடியற்காலையில் ஓடி ஓடி, 1.6 கிலோமீட்டரை 8 நிமிடத்துக்குள் முடிக்கிற அளவுக்கு அவளே பழகிக்கொண்டாள். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டாளத்துக்குப் போனதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை.

டிவியில் 'ஒடிசா கடற்கரையில் ஏவுகணை சோதனை' என்று ஓடும்போதெல்லாம் அம்மா, "அது நம்ம பிள்ள போற எடமில்லா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விடுகிறாள். மாமா ஒருத்தர், "பீரங்கி சுடவா பிள்ளையைப் பிளஸ் டூ வரைக்கும் படிக்க வெச்சீங்க?" என்கிறார். தங்கைக்குக் கேட்டால் சிரிப்புதான் வருகிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கே என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்? ஆயுதம் எல்லாம் கையில் கொடுப்பார்களா? போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

பழைய கன்னர் | ஞாயிறு, இரவு 10.25

தங்கச்சி, முதலில் அம்மையைச் சமாதானப்படுத்து. டிவியில் காட்டுகிற இடம் சாந்திப்பூர், பாலசோர் பக்கம். அங்கேயும் அப்துல் கலாம் தீவிலும்தான் ஏவுகணைச் சோதனை. சில்கா அங்கிருந்து கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் தெற்கே, ஏரிக்கரையில் இருக்கிறது. மாநிலம் ஒன்று என்பதைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நான் குழித்துறைக்காரன். 1993-ல் சில்கா, பிறகு கொச்சியில் ஐ.என்.எஸ். துரோணாச்சார்யாவில் கன்னரி, அதாவது பீரங்கிப் பயிற்சி, அப்புறம் கப்பல் கப்பலாக. சீஃப் பெட்டி ஆபீசராக வெளியே வந்து இப்போது காலையில் ரப்பர் வெட்டுகிறேன், மத்தியானம் உங்களைப் போன்றவர்களோடு வாய் வளர்க்கிறேன்.

சில்கா 1980-ல் தொடங்கியது. மாலுமிகளுக்கு முதல் பள்ளிக்கூடம் அதுதான். ஆபீசராகிறவர்கள் கண்ணூர் பக்கம் ஏழிமலைக்குப் போவார்கள். அக்னிவீருக்கு அங்கே 16 வாரம் அளவில் பயிற்சி, எங்கள் காலத்தில் இன்னும் நீளம். முதல் அக்னிவீர் பேட்ச் 2023 மார்ச்சில் வெளியே வந்தது. சுமார் 2600 பேர், அதில் 270-க்கு மேல் பெண்பிள்ளைகள். பொழுது சாய்ந்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் அணிவகுப்பு நடந்தது. உன் தங்கை முதல் ஆள் கிடையாது, வழி ஏற்கெனவே போட்டாயிற்று என்று மாமாவிடம் சொல்.

போன அன்றைக்கே பாஷை மாறிவிடும். தரைக்கு 'டெக்'. சமையல்கட்டு 'காலி'. கக்கூஸ் 'ஹெட்ஸ்'. ஊருக்குள் போய்வர அனுமதி கிடைத்தால் அது 'லிபர்ட்டி'. சிமென்ட் தரையில் நின்றுகொண்டு டெக் என்று சொல்ல முதலில் கூச்சமாக இருக்கும். நாலாவது வாரம் லீவில் வந்தவன் அம்மையிடம் "டெக் ஈரமா இருக்கு" என்று சொல்லி அடி வாங்கிய கதையெல்லாம் எங்கள் பேட்சில் உண்டு. தண்டனைக்குப் பேர் 'ரகடா'. ஒருத்தன் ஷூ மினுங்கவில்லை என்றால் முப்பது பேருக்கும் ரகடா. உருண்டு, தவழ்ந்து, தவளை மாதிரி குதித்து, கடைசியில் எவன் ஷூவுக்காக இத்தனை பாடு என்பதே மறந்துபோகும்.

பூட்ஸ்தான் முதல் எதிரி. முதல் மூன்று வாரம் குதிகால் தோல் உரியும். வேறு வழியில்லை.

ஆயுதம் பற்றிக் கேட்டாய். ரைபிள் கொடுப்பார்கள். ஆனால் சுடுவதற்கு முன் பிரிக்க, துடைக்க, எண்ணெய் போட, சேர்க்க, மறுபடி பிரிக்க. இது நாள் கணக்கில் நடக்கும். சுடுகிற வேலை பத்து நிமிடம்தான். சுட்டு முடித்ததும் காலித் தோட்டா எண்ணுவார்கள். அங்கே 'கோக்கா' என்று பேர். நாற்பது கொடுத்தால் நாற்பதும் திரும்பி வரவேண்டும். எங்கள் ஸ்குவாடில் ஒருநாள் ஒன்று குறைந்தது. மொத்தப் பேரும் முழங்காலில் புல்லுக்குள் தேடினோம். இருட்டி, கொசு பிடுங்கி, மெஸ்ஸில் சாப்பாடு ஆறிப்போய், கடைசியில் மணல் மூட்டைக்கும் பாய்க்கும் நடுவில் கிடந்தது அந்தப் பித்தளைத் துண்டு. எடுத்துக் கொடுத்தவனை இன்ஸ்டிரக்டர் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. நோட்டில் டிக் போட்டார், அவ்வளவுதான். கடற்படையில் ஆயுதம் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது அந்த டிக்தான்.

சும்மா பார்க்க வந்தவன் | திங்கள், காலை 7.02

எல்லாம் சரிதான் அண்ணாச்சி. நாலு வருடம் முடிந்ததும் நூற்றுக்கு 25 பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள், மீதி 75 பேர் வீட்டுக்கு. அதையும் அக்காவிடம் சொல்லுங்கள். முதல் வருடம் மாதம் 30,000 என்பார்கள், அதில் 9,000 வெளியே போகும்போது தருகிற சேவா நிதிக்குப் பிடித்துக்கொண்டு கையில் 21,000. இதற்கு நாகர்கோவிலில் ஒரு நர்சிங் கோர்ஸ் படிக்கலாம்.

பழைய கன்னர் | திங்கள், காலை 7.30

தம்பி, நியாயமான பேச்சு. எனக்கு பென்ஷன் வருகிறது, அந்தப் பிள்ளைக்கு அது இல்லை. நான் இங்கே உட்கார்ந்துகொண்டு பெருமை பேசுவது எளிது. ஆனால் அவள் கேட்டது போகலாமா என்று அல்ல, போனால் என்ன நடக்கும் என்று.

வெட்டூர்ணிமடம் அக்கா | திங்கள், காலை 8.15

அதே. போவது முடிவாகிவிட்டது. நர்சிங் சீட்டுக்கு டொனேஷன் யார் தருவார்கள் தம்பி, நீங்கள் தருகிறீர்களா? :)

தேங்காய்ப்பட்டணம் தங்கல் | திங்கள், மாலை 6.48

கரைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகிறது, அதனால் தாமதம்.

நீச்சல் பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பையன் ஒருத்தன் போனான். ஏழு வயதில் கடலில் குதித்தவன். அங்கே நீச்சல் குளத்தில் முதல் நாளே 'தண்ணீர் பழகாதவன்' பட்டியலில் போட்டுவிட்டார்கள். காரணம், நாங்கள் தலையைத் தூக்கிக்கொண்டு நீந்துவோம். அலை எங்கிருந்து வருகிறது, கட்டுமரம் எங்கே கிடக்கிறது என்று பார்க்க வேண்டாமா? அவர்களுக்கோ முகம் தண்ணீருக்குள் போகவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கடலில் நீந்துகிறவன் உருப்படுவானா என்று போனில் ஒரு மணி நேரம் புலம்பினான். பிறகு ஒரு வாரத்தில் அதையும் படித்துக்கொண்டான். உயரப் பலகையிலிருந்து குதிக்கச் சொன்னபோது மட்டும் இவன்தான் முதல் ஆள், வடக்கத்திப் பையன்கள் பலகை நுனியில் உட்கார்ந்து சாமி கும்பிட்டார்களாம். தங்கச்சி நீந்துவாளா? தெரியாது என்றால் போவதற்கு முன் ஒரு மாதம் எங்காவது பழகட்டும்.

கயிறு முடிச்சும் அப்படித்தான். 'போலைன்' என்று சொல்லி அரைமணி நேரம் பாடம் நடத்தினார்களாம். எங்கள் ஊரில் அதைச் சின்னப் பிள்ளைகள் பேச்சு வாக்கில் போடுவார்கள்.

ஆனால் பழைய கன்னர் அண்ணாச்சியிடம் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. நீங்கள் கடலில் சுட்டுப் பழகும்போது நாங்கள் எங்கே போவது? ஒரு தடவை மேற்கே ஆழத்தில் ஆயிரங்கால் தூண்டில் விட்டுக் கிடந்தோம். நாலு மணி நேரம் விட்ட தூண்டில். ஒரு கப்பல் வந்து, விலகிப் போ, இங்கே ஃபயரிங் என்று ரேடியோவில் கத்துகிறது. இழுத்து எடுக்க இன்னும் ஐந்து மணி நேரம் வேண்டும் என்று சொன்னால் கேட்க ஆள் இல்லை. பாதியை அறுத்துவிட்டுத்தான் வந்தோம். அதற்கு யார் கணக்கில் டிக் போடுவது?

பழைய கன்னர் | திங்கள், இரவு 9.10

தம்பி, உன் வழக்கு உண்மை. மறுக்க மாட்டேன்.

எங்கள் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன். கடலில் எந்த இடத்தில், எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை சுடப்போகிறோம் என்று முன்கூட்டியே அறிவிப்பு போகும். இந்தியப் பெருங்கடலில் நமக்கு ஒதுக்கிய பகுதிக்கு 'நாவேரியா எட்டு' என்று பேர், எச்சரிக்கை டேராடூனில் இருக்கிற நீரளவியல் அலுவலகத்திலிருந்து வரும். மீன்வளத் துறை மூலமாகத் துறைமுகத்துக்கும் சொல்வார்கள். துரோணாச்சார்யா ஃபோர்ட் கொச்சிக் கரையிலேயே இருக்கிறது, அங்கே சுடுவதற்கு முன் மீனவர்களுக்கு அறிவிப்பு கொடுப்பது வழக்கம். ஆனால் நீ முப்பது நாற்பது நாள் கடலில் கிடக்கிறாய். நீ கிளம்பிய பிறகு வந்த அறிவிப்பு துறைமுகத்துச் சுவரில்தான் ஒட்டியிருக்கும், உன் வீல்ஹவுசில் அல்ல. கப்பலுக்கு அந்த எச்சரிக்கையை அச்சடித்துத் தருகிற கருவி இருக்கிறது, உன் படகில் இல்லை.

ஒன்று மட்டும். சுடுகிற வட்டத்துக்குள் ஒரு வள்ளம் தெரிந்தால் நாங்கள் சுடமாட்டோம். அது கருணை இல்லை, உத்தரவு. ஒரு காலை முழுக்க 'வட்டம் காலியில்லை' என்று சுடாமலே திரும்பிய நாட்கள் எனக்கு உண்டு. அன்றைக்கு எடுத்த குண்டையெல்லாம் எண்ணித் திரும்பக் கீழே அடுக்கவேண்டும்.

அதைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. தங்கச்சி, இது உன் மாமாவுக்கு.

76 மில்லிமீட்டர் பீரங்கி. நிமிடத்துக்கு 120 குண்டு, அதாவது நொடிக்கு இரண்டு. மேலே கூண்டுக்குள் ஆள் கிடையாது, எல்லாம் யந்திரம். நாங்கள் கீழே மேகசினில், குண்டு அடுக்கிவைக்கிற அறையில். அன்றைக்கு இலக்கு, இன்னொரு கப்பல் நீளக் கம்பியில் இழுத்துவந்த மிதவை. மேலே சுடும்போது கீழே எங்களுக்கு வெடிச்சத்தம் அதிகம் கேட்காது, கால் வழியாகத்தான் தெரியும். தட், தட், தட். நான் மனசுக்குள் எண்ணுவேன், பழக்கம். ஆறு வந்தது. ஏழு வரவில்லை.

குண்டு குழாய்க்குள் இருக்கிறது, வெடிக்கவில்லை. குழாயோ சூடாக இருக்கிறது. இப்போது யாரும் வீரம் காட்டக் கூடாது. குழாயைக் காலிக் கடல் பக்கம் வைத்துக்கொண்டு காத்திருக்கவேண்டும், விதி அது. காத்திருந்தோம். பேச்சு இல்லை. எனக்கு எதிரே நின்றவன் மூக்கு நுனியில் ஒரு சொட்டு வியர்வை திரண்டு விழப்போகும், விழாது. ஒரு கரப்பான் பூச்சி குண்டு ஏற்றுகிற சட்டத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடம் போல இருக்கும், எனக்கு ஒரு வருடம். பிறகு முறைப்படி அதை எடுத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

காரணம் என்ன தெரியுமா? ஒரு சின்ன உறுப்பில் உப்புப் படிந்திருந்தது. விரல் நகம் அளவு வெள்ளைப் பூச்சு. அந்த வாரம் அதைத் துடைக்க வேண்டியவன் நான். துடைத்ததாகக் கையெழுத்தும் போட்டிருந்தேன். முந்தின நாள் துடைத்தேனா, அதற்கு முந்தின நாளா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. என்ன தண்டனை கிடைத்தது என்பது இங்கே வேண்டாம். அதற்குப் பிறகு நான் துடைக்காமல் ஒரு நோட்டிலும் கையெழுத்து போட்டதில்லை. ரப்பர் சொசைட்டி நோட்டில்கூட.

ஆக, பீரங்கி சுடப் போகிறாள் என்று மாமா பயப்பட வேண்டாம். துணியும் எண்ணெயுமாகத்தான் நாள் போகும்.

தக்கலை வாத்தியார் | செவ்வாய், காலை 6.20

பெரியவர் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் வேறு வேலை ஓடவில்லை.

நான் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். பீரங்கியும் கடலும் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல என்பதை அந்த மாமாவுக்குச் சொல்லவேண்டும். 1741 ஆகஸ்ட் 10, குளச்சல். டச்சுக்காரர்கள் தோற்றார்கள், அவர்களில் ஒருவரான டிலனாய் பிடிபட்டார். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா அவரைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு படைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில்தான் பீரங்கி வார்த்தார்கள். டிலனாய் கடைசியில் 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி ஆனார். 1777-ல் இறந்தார், கல்லறை கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வருடா வருடம் கூட்டிப்போவேன். அவர்கள் கல்லறையைப் பார்ப்பதைவிட மான் பார்ப்பதில்தான் குறியாக இருப்பார்கள்.

மாட்டு வண்டியில் பனந்தடியைச் சாய்த்து வைத்துப் பீரங்கி என்று டச்சுக்காரனை ஏமாற்றியதாக ஊரில் ஒரு கதை உண்டு. கதைதான். ஆனால் எனக்குப் பிடித்த கதை.

சும்மா பார்க்க வந்தவன் | செவ்வாய், காலை 9.44

சார், பனந்தடி மிஸ்ஃபயர் ஆகாது. அந்த மட்டுக்கு நல்ல ஆயுதம்.

விசாகப்பட்டணம் ரிட்டர்ன் | செவ்வாய், இரவு 8.30

இரணியல்காரன். பல வருடம் விசாகப்பட்டணத்தில் டார்பிடோவை, அதாவது தண்ணீருக்கடியில் ஓடிப்போய்த் தாக்குகிற ஆயுதத்தை, தயார் செய்கிற பட்டறையில் இருந்தேன். ரகசியம் எதுவும் எழுதப்போவதில்லை, பேப்பரில் வந்ததை வைத்தே பேசலாம்.

கன்னர் அண்ணன் சொன்ன துடைக்கிற வேலை எங்களிடம் இரண்டு மடங்கு. ஏனென்றால் பீரங்கிக் குண்டு போனால் போனதுதான். சோதனைக்கு விடுகிற டார்பிடோ திரும்பி வரவேண்டும். இது நிறையப் பேருக்குத் தெரியாது. நம்முடைய 'வருணாஸ்திரா' டார்பிடோ இருக்கிறதே, விசாகப்பட்டணத்து டி.ஆர்.டி.ஓ. ஆய்வகமான என்.எஸ்.டி.எல். உருவாக்கி 2016-ல் கடற்படைக்குக் கொடுத்தார்கள். எடை ஒன்றரை டன், பேட்டரியில் ஓடுவது, போர்முனையில் 250 கிலோ வெடிமருந்து. பயிற்சிக்கு விடும்போது அந்த வெடிமருந்துத் தலையைக் கழற்றிவிட்டு, ஓட்டத்தைப் பதிவு செய்கிற கருவிகள் வைத்த தலையை மாட்டுவார்கள். எவ்வளவு ஆழத்தில் போனது, எந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பியது, இலக்குக்கு எவ்வளவு பக்கத்தில் போனது, எல்லாம் அதற்குள் இருக்கும். ஓடி முடித்ததும் மேலே வந்து மிதக்கும். கண்ணில் படுகிற நிறம் அடித்திருப்பார்கள். வருணாஸ்திராவில் அது மிதக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஜி.பி.எஸ்.கூட வைத்திருக்கிறார்கள்.

சரி, மிதந்துவிட்டது. இப்போது யார் போய் எடுப்பது? அதுதான் மொத்த வேலையிலும் மோசமான வேலை. ஒன்றரை டன் இரும்பு அலையில் ஏறி இறங்கும். படகும் ஏறி இறங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஏறாது. நீளக் கழியில் வளையத்தைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் விளிம்பில் நிற்பான், டார்பிடோவின் மூக்கில் மாட்டவேண்டும். தப்பினால் அது வந்து படகில் மோதும், அல்லது அவன் விரலில். தங்கல் அண்ணனுக்கு இது சொன்னால் புரியும், பெரிய சுறாவைப் படகோடு சேர்த்துப் பிடிக்கிற மாதிரி. சுறாவுக்காவது களைப்பு வரும்.

2014 நவம்பர் 6-ஆம் தேதி அந்த வேலைக்குப் போன கப்பல் ஒன்று விசாகப்பட்டணத்துக்கு வெளியே தண்ணீர் ஏறி மூழ்கியது. ஒருவர் இறந்தார், நாலு பேரைக் காணவில்லை. போர் இல்லை, வெடி இல்லை, பயிற்சி டார்பிடோவைத் திரும்பக் கொண்டுவரப் போனவர்கள். அடுத்த வருடம் அக்டோபரில் 'அஸ்திரதாரிணி' என்று புதுக் கப்பல் விட்டார்கள், இரட்டை உடல் உள்ளது, அலையில் ஆட்டம் குறைவு. நான் அதைத் துறையில் பார்த்திருக்கிறேன். பார்த்ததும் மனசில் வந்தது மகிழ்ச்சி இல்லை.

எடுத்து வந்த டார்பிடோ பட்டறைக்கு வந்ததும் முதல் வேலை நல்ல தண்ணீரில் கழுவுவது. உப்பு காய்வதற்குள் முடிக்கவேண்டும். ராத்திரி பதினொரு மணியானாலும் சரி. பிறகு பிரித்து, ஒவ்வொரு ரப்பர் வளையமும் மாற்றி, எண்ணி, எழுதி. அதையே மறுபடி தயார் செய்து அனுப்புவோம். ஒரே டார்பிடோவை எத்தனை தடவை குளிப்பாட்டியிருக்கிறேன் என்று நினைத்தால், சொந்தப் பிள்ளையை அத்தனை தடவை குளிப்பாட்டவில்லை. வீட்டில் அந்தக் குறை இன்னும் இருக்கிறது.

தேங்காய்ப்பட்டணம் தங்கல் | செவ்வாய், இரவு 10.05

அண்ணே, வளையம் மாட்டுகிறவன் நிலைமை எனக்கு நல்லாவே புரிகிறது. காணாமல் போன அந்த நாலு பேர் வீட்டு நிலைமையும். ஒக்கி புயல் வந்தபோது, 2017 நவம்பர் 30, எங்கள் பக்கத்து ஊர்களில் எத்தனை வீட்டில் உடல்கூட வராமல் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.

கேட்க வந்தது வேறு. சில வருடம் முன்னால் ஆரஞ்சு நிறத்தில் நீளமாக ஒன்று மிதந்தது, படகில் பையன்கள் கட்டி இழுத்து வரலாம், பழைய இரும்புக்காவது ஆகும் என்றார்கள். நான் வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தேன். சரியா?

விசாகப்பட்டணம் ரிட்டர்ன் | செவ்வாய், இரவு 10.22

நூறு சதவீதம் சரி. அது டார்பிடோவாக இருக்கலாம், சுட்டுப் பழகப் பறக்கவிடுகிற ஆளில்லா விமானமாக இருக்கலாம். 'லக்ஷ்யா' என்று ஒன்று, வேலை முடிந்ததும் பாராசூட்டில் கடலில் இறங்கும், அதையும் தேடி எடுப்பார்கள். வேறு எதுவாகவும் இருக்கலாம். பயிற்சித் தலையா, உண்மைத் தலையா என்று வெளியிலிருந்து உன்னால் சொல்ல முடியாது. தொடாதே, இடத்தைக் குறித்துக்கொள், கடலோரக் காவல் படைக்கு 1554, மாநிலக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. எட்டாத தூரத்தில் இருந்தால் ரேடியோவில் சொல்லு.

தேங்காய்ப்பட்டணம் தங்கல் | செவ்வாய், இரவு 10.31

அந்த இரண்டு நம்பரையும் படகில் எழுதி ஒட்டிவிடுகிறேன். மேலே மிதப்பதாவது கண்ணுக்குத் தெரிகிறது. கீழே ஓடுவதுதான் பயம். 2024 நவம்பரில் கோவாவுக்கு வெளியே ஒரு மீன்பிடிப் படகும் நீர்மூழ்கியும் மோதியதே, 13 பேரில் 11 பேரைத்தான் காப்பாற்ற முடிந்தது. அதிலிருந்து ராத்திரி காவலுக்கு நிற்கும்போது அடியில் என்ன போகிறதோ என்று ஒரு நினைப்பு வந்துவிட்டுப் போகிறது.

மட்டுறுத்துநர் | புதன், காலை 6.00

நல்ல இழை. ஒரு வேண்டுகோள். இப்போது பணியில் இருப்பவர்கள் கப்பல் பெயர், அது எங்கே நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று எதுவும் எழுத வேண்டாம். அக்கா, தங்கை போன பிறகு அவர் அனுப்புகிற போட்டோவையும் இங்கே போடாதீர்கள். நேற்று ஒருவர் எழுதியதில் இரண்டு வரி நீக்கியிருக்கிறேன், அவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோவா விபத்தில் தவறு யாருடையது என்கிற தீர்ப்பும் இங்கே வேண்டாம்.

ஆரல்வாய்மொழி காற்று | புதன், மாலை 5.15

நான் முப்பந்தல் பக்கம் காற்றாலையில் டெக்னீஷியன். கடற்படையில் இருந்ததில்லை. ஆனால் தங்கல் அண்ணன் அடியில் என்ன போகிறது என்றதும் எழுதத் தோன்றியது.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி பஸ்ஸில் ராத்திரி போயிருப்பீர்கள். வள்ளியூர் தாண்டி நாங்குநேரி நெருங்கும்போது வலது கைப் பக்கம் தூரத்தில் சிவப்பு விளக்குகள் ஒன்றன் மேல் ஒன்றாக வானம் வரைக்கும் போகும். நிறையப் பேர் அதைக் காற்றாலை என்றே நினைக்கிறார்கள். எங்கள் ஆலை அந்த உயரத்தில் கால் பங்குதான் வரும். அது விஜயநாராயணத்தில் இருக்கிற ஐ.என்.எஸ். கட்டபொம்மன். 1990-ல் திறந்தது. நடுக் கம்பம் 400 மீட்டருக்கு மேல்.

இவ்வளவு உயரம் எதற்கு? தண்ணீருக்குள் கிடக்கிற நீர்மூழ்கிக்குச் செய்தி அனுப்ப. சாதாரண ரேடியோ அலை உப்புத் தண்ணீரில் ஒரு சாண்கூட இறங்காது. அலை நீளமாக ஆக, இறங்குகிற ஆழமும் கூடும். அங்கே அனுப்புகிற அலை ஒன்று 18 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே ஒரு அலையின் நீளம் 16 கிலோமீட்டர் சொச்சம். நாகர்கோவிலில் ஆரம்பித்தால் தக்கலை வரைக்கும் ஒரு அலை. அதுவே தண்ணீரில் பத்து இருபது மீட்டர்தான் இறங்கும். வேகமும் குறைவு, பேச்சு அனுப்ப முடியாது, எழுத்து எழுத்தாகத்தான். கீழே இருப்பவன் கேட்கலாம், அதே வழியில் பதில் சொல்ல முடியாது. மாமியார் போன் மாதிரி.

வெட்டூர்ணிமடம் அக்கா | புதன், இரவு 9.05

இத்தனை நாள் அதைக் காற்றாலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்! தங்கைக்கு வாசித்துக் காட்டினேன், அந்த 16 கிலோமீட்டர் கணக்கை அவளே போட்டுப் பார்த்துவிட்டு கம்யூனிகேஷன் கிடைத்தால் நல்லது என்கிறாள். அம்மாவுக்கு டார்பிடோ குளிப்பாட்டின கதை ரொம்பப் பிடித்துவிட்டது. மாமாவுக்கு எதுவும் பிடிக்கவில்லை.

நீச்சல் தெரியாது. நாளையிலிருந்து போகிறாள். என்னென்ன கொடுத்துவிடலாம்? சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்?

பழைய கன்னர் | புதன், இரவு 9.50

அவர்கள் அனுப்பிய தாளில் இருப்பதை மட்டும் கொடு, பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். அதற்கு மேல் என்றால் நல்ல பருத்தி சாக்ஸ் நாலு, குதிகாலுக்கு ஒட்டுகிற பிளாஸ்டர், ஊசி நூல், பூட்டு இரண்டு, சர்ட்டிபிகேட் எல்லாவற்றுக்கும் பிரதி. நேந்திரங்காய் வற்றல் கொடுத்தால் முதல் நாளே ஹாஸ்டலில் காலி, அதனால் சிநேகிதம் கிடைக்கும், கொடு. சாப்பாடு வயிறு நிறையப் போடுவார்கள். ரொட்டியும் ராஜ்மாவும் பழகிவிடும். மரச்சீனியும் சாளைக் கறியும் கனவில் வரும், அதற்கு மருந்து இல்லை.

இந்தி தெரியாது என்றால் 'சாவ்தான்' (விறைப்பாக நில்), 'விஷ்ராம்' (தளர்ந்து நில்) இரண்டும் போதும், மீதி பக்கத்தில் நிற்பவளைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். நானும் அப்படித்தான், பக்கத்தில் நின்றவனும் மார்த்தாண்டத்துக்காரனாக அமைந்துவிட்டான், இரண்டு பேரும் சேர்ந்து தப்பாகத் திரும்பினோம்.

கன்னியாகுமரியில் கிளம்புகிற விவேக் எக்ஸ்பிரஸ் அந்த வழிதான். பிரம்மபூரில் இறங்கி வேறு வண்டியில், சில்காவுக்குப் பக்கத்தில் இருக்கிற பாலுகாவ். டிக்கெட்டை இப்போதே போடு.

தக்கலை வாத்தியார் | வியாழன், காலை 6.10

ஒரு போஸ்ட் கார்டு கட்டும் கொடுத்துவிடுங்கள். போன் எப்போதும் கையில் இருக்காது.

சும்மா பார்க்க வந்தவன் | வியாழன், காலை 9.30

போஸ்ட் கார்டு எல்லாம் யார் சார் எழுதுகிறார்கள். ஆனால் அக்கா, நல்லபடியாகப் போய்வரச் சொல்லுங்கள். நான் சொன்னதில் தப்பாக எதுவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு மெடிக்கலில் தட்டைப் பாதம் என்று போட்டுவிட்டார்கள். அந்தக் கடுப்பும் கொஞ்சம்.

வெட்டூர்ணிமடம் அக்கா | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.12

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை.

இன்றைக்கு போன் வந்தது, ஏழு நிமிடம். நீச்சலில் முதல் தடவை ஃபெயில், இரண்டாவது தடவை பாஸ். குதிகால் தோல் நீங்கள் சொன்ன மாதிரியே மூன்று வாரம். நேந்திரங்காய் வற்றல் முதல் நாளே காலி, ஒரு ஹரியானாப் பிள்ளை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். அம்மாவிடம் "காலியில என்ன சமையல்னு கேளுங்க" என்று சொல்லி, காலியாக இருக்கிற இடத்தில் என்ன சமையல் என்று அம்மா குழம்பி, அதிலேயே இரண்டு நிமிடம் போய்விட்டது.

போன வாரம் முதல் தடவையாக ரேஞ்சுக்குக் கூட்டிப்போனார்களாம். எப்படிச் சுட்டாய் என்று கேட்டேன். அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு கோக்கா குறைந்துவிட்டது, பொழுது சாயும் வரைக்கும் முழங்காலில் தேடினோம், கடைசியில் பக்கத்துப் பிள்ளையின் தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் இருந்தது என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பழைய கன்னர் | ஞாயிறு, இரவு 8.20

எடுத்துக் கொடுத்தது யார், இவளா?

வெட்டூர்ணிமடம் அக்கா | ஞாயிறு, இரவு 8.24

கேட்பதற்குள் கட் ஆகிவிட்டது அண்ணாச்சி. அடுத்த ஞாயிறு கேட்டு எழுதுகிறேன்.